பாதி வேட்டி, பாதி சேலை

கார்த்திகை தீபத்தன்று மாலை திருவண்ணாமலைக் கோயிலுக்குள் நின்றிருக்கிறீர்களா? நிற்காவிட்டாலும் பாதகமில்லை, இப்போதுதான் கூடத்தில் உட்கார்ந்தபடியே டெலிவிஷனில் பார்த்துவிடுகிறோமே! மணி ஆறாகப் போகிறது. 2668 அடி உயர மலையின் உச்சியில் கொப்பரை தயார். ஆயிரம் மீட்டருக்கு மேல் காடாத் துணியைத் திரித்த திரி, மூவாயிரம் கிலோவுக்கு மேல் நெய். ஊர் முழுவதும் லட்சக்கணக்கான ஜனங்கள் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கோயிலுக்குள் இருப்பவர்கள் மட்டும் மலையைப் பார்ப்பதில்லை. அவர்கள் கண்ணெல்லாம் சந்நிதி வாசலில் இருக்கிறது. திடீரென்று ஒரு ஆரவாரம். அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டே வெளியே வருகிறார். கொடிமரத்தருகே சில நிமிஷங்கள்தான் காட்சி. அதற்குள் மலையில் ஜோதி ஏறிவிடுகிறது. ஸ்வாமி உள்ளே போய்விடுகிறார். இனி அடுத்த வருஷக் கார்த்திகைக்குத்தான் வெளியே வருவார்.

பார்வதி ஒரு சமயம் விளையாட்டாகப் பரமசிவனின் கண்களைப் பொத்தினாளாம். உலகமே இருண்டு போயிற்று. அந்தப் பிழைக்குப் பிராயச்சித்தமாகக் காஞ்சியில் தவம் இருந்து, பிறகு திருவண்ணாமலைக்கு வந்து, பவழக்குன்றில் கௌதம முனிவரின் துணையோடு தவத்தை முடித்து, ஸ்வாமியின் இடப்பாகத்தைப் பெற்றாள் என்பது ஸ்தல புராணம். பவழக்குன்றில் இன்றும் அர்த்தநாரீஸ்வரர் கோயில் இருக்கிறது.

புராணத்தைப் பெரியவர்களிடம் விட்டுவிடுவோம். நமக்கு முதலில் கண்ணில் படுவது உடைதானே! ஒரே உடம்பு, பாதி ஆண், பாதி பெண் என்றால் எதை உடுத்துவது, எப்படி உடுத்துவது?

சென்னையில் இருப்பவர்கள் ஒரு நாள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு எழும்பூர் மியூசியத்துக்குப் போய் வாருங்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரி வெண்கலம் அங்கே இருக்கிறது. 11-ம் நூற்றாண்டில் சோழ நாட்டு ஸ்தபதி செய்தது. வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரு கை. வலப்பக்கத்து உடை தொடையோடு நின்றுவிடுகிறது; இடப்பக்கத்து ஆடையோ கணுக்கால் வரை காலோடு ஒட்டி இறங்குகிறது. ஒரு பக்கம் நிமிர்ந்த தோள், மறு பக்கம் ஒசிந்த இடுப்பு. இத்தனை வித்தியாசமும் ஒரே வார்ப்பில்! பொட்டுக்கூட ஒட்டுப் போடவில்லை.

இப்படி ஓர் உடை வேண்டுமென்று நம் தையற்கடைக்காரரிடம் கேட்டால் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். அவரிடம் குற்றமில்லை. அவர் தொழில் வெட்டுவதில் தொடங்குகிறது. ஆண் அளவு ஒன்று, பெண் அளவு ஒன்று. முதலில் துணி, பிறகு கத்திரி, பிறகுதான் உடம்பு. அளவுக்கு அடங்காத உடம்பு வந்து நின்றால் உடம்பின் மேல்தான் குறை சொல்லத் தோன்றும்.

பின்னல் வேலை அப்படிப்பட்டதல்ல என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் பிரசவத்துக்கு முன் ஒரு குல்லாயாவது, ஒரு ஜோடி பூட்ஸாவது பின்னாத தாயார்கள் ஒரு தலைமுறைக்கு முன் அபூர்வம். (சித்திரை வெயிலில் பிறந்த குழந்தைக்கு உல்லன் குல்லாய் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை!) பின்னலில் துணி என்று ஒன்று முன்னதாகக் கிடையாது. துணியும் உருவமும் ஒன்றாகவே பிறக்கின்றன. இரண்டு கண்ணி கூட்டினால் அகலும். இரண்டைச் சேர்த்துப் பின்னினால் குறுகும். வரிசையைப் பாதியில் திருப்பினால் குதிகால் போலப் புடைக்கும். கத்திரியே வேண்டாம். தோளில் மலை வேண்டுமா, முதுகில் அலை வேண்டுமா? நூலும் பொறுமையும் இருந்தால் போதும். சிற்பி கல்லைக் குறைத்துக்கொண்டே போகிறான். பின்னுகிறவள் நூலைக் கூட்டிக்கொண்டே போகிறாள். இருவர் கையிலும் கடைசியில் நிற்பது ஓர் உருவம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'நிட்' என்றும் 'பர்ல்' என்றும் இரண்டு பின்னல்கள் கற்றுக்கொண்டோமே, அவை உண்மையில் ஒரே கண்ணிதான். முன்பக்கம் பார்த்தால் நிட். துணியைத் திருப்பினால் அதுவே பர்ல்.

இந்தக் கைவேலையைத்தான் உலகத்தில் பல இளம் கலைஞர்கள் இன்று ஒரு புதிய பேச்சுக்கு மொழியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆண் என்று பிறப்பில் எழுதப்பட்டுப் பெண்ணாக வாழ்பவர்கள், பெண்ணாகப் பிறந்து பெண்ணையே நேசிப்பவர்கள், இந்த இரண்டு பெட்டிகளில் எதிலும் தம்மைப் போட முடியாதவர்கள் என்று பலர் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்லத் தமிழில் இப்போது 'பால்புதுமையர்' என்று ஒரு சொல் வந்திருக்கிறது. கடையில் தொங்கும் ஆண் உடையும் பெண் உடையும் தங்களைச் சொல்லவில்லை என்று கண்ட இவர்களில் சிலர், தங்களுக்கு வேண்டிய உடம்பின் உருவத்தைத் தாங்களே கண்ணி கண்ணியாகக் கட்டிக்கொள்கிறார்கள். அணிந்துகொள்ளக்கூடிய சிற்பம் என்று சொல்லலாம். ஸ்வீடன் தேசத்து சாண்ட்ரா பேக்லுண்ட் என்ற பெண்மணி தடித்த கம்பளி நூலைக் கையாலேயே பின்னி, உடம்பின் கோடுகளையே மாற்றிக் காட்டும் உடைகளைச் செய்து, 2007-ம் ஆண்டில் பிரான்ஸின் இயேர் நகரப் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். அவர் உடையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாது என்பது வேறு விஷயம்.

"பின்னல் பெண்கள் சமாசாரம், ஆண்கள் செய்தால் கேலியாக இருக்காதா?" என்று உங்களில் ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. உங்கள் வீட்டுக்காரர் சட்டைக்குள் போட்டிருக்கும் பனியன் என்னவாம்? அதுவும் கண்ணியில் கண்ணி கோத்த பின்னல்தான். திருப்பூரில் மிஷின் பின்னுகிறது, அவ்வளவே. அந்த மிஷினுக்குப் பாட்டனான காலுறைப் பின்னல் பொறியை 1589-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தவர் வில்லியம் லீ என்ற பாதிரியார். பெரு நாட்டில் டிட்டிகாகா ஏரியின் நடுவே டக்கீலே என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே பெண்கள் நெய்கிறார்கள். குல்லாய் பின்னுவது ஆண்கள். பையன்கள் சிறு வயதிலேயே ஊசி பிடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தத் தீவின் துணிக் கலையை யுனெஸ்கோ 2005-ல் மனித குலத்தின் பொக்கிஷங்களில் ஒன்றாக அறிவித்தது. ஆகவே ஊசி யாருடையது என்பது ஊருக்கு ஊர் மாறுகிற வழக்கம். கடவுள் எழுதி வைத்ததில்லை.

கேஃப் ஃபாசெட் என்பவரைப் பற்றிச் சற்று விவரமாகவே சொல்ல வேண்டும். 1937-ல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். அவர் படித்தது கலிபோர்னியாவில் ஒஹாயில் உள்ள ஹாப்பி வேலி பள்ளிக்கூடம். நம் அடையாறு அன்னி பெசண்ட் அம்மையார் வாங்கி வைத்த நிலத்தில், ஜே. கிருஷ்ணமூர்த்தியைச் சேர்ந்தவர்கள் தொடங்கியது. ஓவியராக 1964-ல் இங்கிலாந்துக்கு வந்தார். ஒரு தடவை ஸ்காட்லாந்தில் ஒரு கம்பளி மில்லுக்குப் போனவர், அங்கிருந்த நிறங்களைப் பார்த்து மயங்கி இருபது நிறத்தில் நூல் வாங்கிவிட்டார். பின்னத் தெரியாது! லண்டனுக்குத் திரும்பும் ரயிலில் கூட வந்த ஒரு பெண்மணிதான் ஊசியைக் கையில் கொடுத்துக் கற்றுத் தந்தார். அவருடைய முதல் ஸ்வெட்டரில் இருபது நிறமும் இருந்ததாம். 1988-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் அவர் பின்னல்களுக்காகத் தனிக் கண்காட்சி நடத்தியது. உயிரோடு இருக்கும் ஒரு நூற்கலைஞருக்கு அந்த மியூசியம் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. தம்மைப் போன்ற ஓர் ஆணைத் தம் வாழ்க்கைத் துணையாகக் கொண்டவர் என்பதை அவர் மறைத்ததில்லை. அந்தத் துணைவரும் பின்னல் கலைஞரே. நான் நினைத்து நினைத்து வியப்பது அந்த ரயில் அம்மாளைத்தான். வளர்ந்த ஆண்பிள்ளை நூல் உருண்டையை வைத்துக்கொண்டு விழித்தபோது அவள் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கலாம் அல்லவா?

நம் தேசத்திலும் நூலால் சிற்பம் செய்த ஒருவர் இருந்தார். மிருணாளினி முகர்ஜி, 1949-ல் பம்பாயில் பிறந்தவர். தந்தை வினோத் பிஹாரி முகர்ஜி, பார்வையை இழந்த பிறகும் கலையை விடாத மகா ஓவியர். தாயார் லீலா சிற்பி. பரோடாவில் அவருக்குக் குருவாக வாய்த்தவர் கே. ஜி. சுப்பிரமணியன். சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்து, 1942 போராட்டத்தில் சிறை சென்று, பிறகு சாந்திநிகேதனுக்குப் போனவர் அவர்.

மிருணாளினி எடுத்துக்கொண்டது முரட்டுச் சணல் கயிறு. தறி இல்லை, ஊசி இல்லை. விரலால் முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு ஆள் உயரத்துக்கு மேல் உருவங்களை எழுப்பினார். ஒவ்வொன்றும் மாதக் கணக்கில் வேலை வாங்கும். கயிற்றுக்குச் சாயம் ஏற்றி, மடித்து, தொங்கவிட்டு, பிளந்து, சுருட்டி அவர் செய்த உருவங்களுக்கு 'தேவி', 'ருத்ரா', 'யக்ஷி' என்றெல்லாம் பெயர் வைத்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது பூவா, மரமா, தெய்வமா, ஆணா, பெண்ணா என்று சொல்ல வராது. எல்லாமாகவும் இருக்கும். தம்மைப் பற்றி எந்தப் பிரகடனமும் செய்தவர் அல்ல அவர், உருவங்கள்தான் பேசின. "கயிற்று முடிச்சு கைவேலைதானே, கலையாகுமா?" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். பெண்களின் கைவேலையைப் பற்றி இந்தக் கேள்வி எழாத காலம் ஏது? 2015-ல் டில்லி தேசிய நவீன கலைக் கூடத்தில் அவருடைய வாழ்நாள் வேலைகளின் கண்காட்சி தொடங்கிய சில நாட்களிலேயே அவர் காலமானார். 2019-ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது.

நியூயார்க் வரை போவானேன்? விரலால் முடிச்சுப் போட்டு, உடம்பில் அணியும் சிற்பம் செய்கிறவர்களைத் திருவண்ணாமலைக் கோபுர வாசலிலேயே பார்க்கலாம். பூக்கடைதான். வாழை நாரில் மல்லிகையையும் சம்பங்கியையும் மரிக்கொழுந்தையும் கட்டித் தோள் அகலத்துக்கு ஓர் ஆண்டாள் மாலை செய்வதைச் சிறிது நேரம் நின்று கவனியுங்கள். கட்டுகிற கை பெரும்பாலும் ஆண்பிள்ளையின் கை. ஆழ்வார்களில் பெரியாழ்வார் மாலை கட்டியவர். யசோதையாகத் தம்மைப் பாவித்துக் கண்ணனைக் கொஞ்சியவரும் அவரே. இந்தக் கைவேலையைப் பார்த்து, "இது பெண்கள் வேலை ஆயிற்றே" என்று எந்த மாமனாவது கேலி செய்ததுண்டா?

அதே ஊரில்தான் மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பாண்டியன் அரண்மனையில் மந்திரியாக இருந்த மனிதர், மார்கழிக் குளிரில் தோழியை எழுப்பும் கன்னிப் பெண்களின் குரலில் பாடுகிறார்! கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் அவருக்குக் கோயில் இருக்கிறது. 1896-ல் அங்கே வந்து 1950 வரை அந்த மலையை விட்டு அகலாத ரமணர், அருணாசலத்தைக் காதலனாக வைத்து ஒரு மணமாலையே பாடினார். அக்ஷரமணமாலை என்று பெயர். அது 108 கண்ணிகள் கொண்டது. கண்ணி என்ற நம் சொல்லை எண்ணிப் பாருங்கள். சங்க காலத்து வீரன் தலையில் சூடிய பூவும் கண்ணி. பாட்டின் இரண்டு அடியும் கண்ணி. ஊசியில் விழும் வளையமும் கண்ணி.

பேசும்போது நம் பழைய நூல்களும் கூச்சப்படவில்லை. ஆண்மை திரிந்து பெண்மை கொண்டவர்களை எந்தத் திணையில் வைப்பது என்று தொல்காப்பியம் யோசித்து, உயர்திணை என்றே தீர்மானித்தது. மாதவி ஆடிய பதினொரு ஆடல்களில் 'பேடு' ஒன்று என்கிறது சிலப்பதிகாரம். மணிமேகலையில் புகார் வீதியில் பேடி ஆடுவதை அதன் உடை அலங்காரத்தோடு சாத்தனார் வர்ணிக்கிறார்.

ஸ்வாமி பெண்ணாக இருக்கலாம். கவி பெண்ணாகப் பாடலாம். நம் வீட்டுப் பையன் அக்காவின் தாவணியை எடுத்துக் கட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்றால்? அப்போது நம் முகம் போகிற போக்கைச் சொல்லவும் வேண்டுமா! முதல் தடவை சிரிப்பு. இரண்டாம் தடவை அதட்டல். பதினான்கு வயதில் அடி. பிறகு ஒரு நாள் படுக்கை காலியாக இருக்கும். "எங்கோ வேலைக்குப் போயிருக்கிறான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு, தாயார் மட்டும் சமையலறையில் அழுவாள். இப்படிப்பட்ட குடும்பங்கள் ஒவ்வொரு தெருவிலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்துக் கூவாகத்தில் சித்திரை மாதம் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கும் திருநங்கைகளின் படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோமே, அந்த முகங்களுக்கும் எங்கோ ஒரு தாயார் இருக்கிறாள். அர்த்தநாரியைப் போலவே அவர்களையும் வருஷத்தில் சில நிமிஷங்கள் மட்டும் பார்ப்பது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது.

மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜும் அப்படி வீட்டை விட்டு வெளியேறியவரே. தஞ்சையில் கிட்டப்பா பிள்ளையிடம் பல வருஷம் குருகுலவாசம் இருந்து பரதம் கற்றார். நர்த்தகி என்று பெயர் வைத்தவரும் அந்தக் குருதான். நாயகி பாவத்தில் தேர்ந்தவர். 2019-ல் பத்மஸ்ரீ பெற்றார். திருநங்கை ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அவரைப் போல் எத்தனை பேருக்கு ஒரு கிட்டப்பா பிள்ளை கிடைப்பார்?

சட்டம் மெதுவாக நகர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2008-ல் திருநங்கையர் நல வாரியம் வந்தது. அவரவர் தம் பாலைத் தாமே சொல்லிக்கொள்ளும் உரிமையைச் சுப்ரீம் கோர்ட் 2014 ஏப்ரல் 15-ல் ஒப்புக்கொண்டது. ஒரே பாலினர் காதலிப்பது குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6-ல் தீர்ப்புச் சொன்னது. ஆனால் எனக்குப் பிடித்தது இன்னொரு வழக்கு. ஒருவரை ஒருவர் நேசித்த இரண்டு இளம் பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் போலீஸில் புகார் கொடுத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. அவர் உடனே தீர்ப்பு எழுதவில்லை. தமக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, மனநல நிபுணர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டார்! பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார். 2021 ஜூனில் அவர் இட்ட உத்தரவு, இத்தகையவர்களைப் போலீஸார் தொந்தரவு செய்யக் கூடாது என்றது. வைத்தியத்தால் 'மாற்றிவிடுகிறேன்' என்று யாரும் புறப்படக் கூடாது என்றும் சொன்னது. அவர் எடுத்த முயற்சியின் தொடர்ச்சியாகத்தான் இவர்களைப் பற்றி மரியாதையாகப் பேசுவதற்கான சொற்களைத் தமிழக அரசு 2022-ல் பட்டியலாக வெளியிட்டது.

கோர்ட்டுக்குப் போகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. விடுமுறை நாளில் பையனையும் பெண்ணையும் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துப் பின்னுவதற்கு ஒரு சுலபமான மப்ளரைச் சொல்கிறேன். நம் ஊர் வெயிலுக்குக் கம்பளி வேண்டாம். சற்றுப் பருமனான பருத்தி நூல் போதும். சிவப்பில் ஒரு உருண்டை, பச்சையில் ஒரு உருண்டை, 8-ம் நம்பர் ஊசி ஒரு ஜோடி. சிவப்பில் இருபது கண்ணி ஏற்றுங்கள். அதே ஊசியில் தொடர்ந்து பச்சையில் இருபது. எல்லா வரிசையும் நிட். சிவப்பைச் சிவப்பு நூலாலும் பச்சையைப் பச்சை நூலாலும் பின்ன வேண்டும். நிறம் மாறும் இடத்தில் மட்டும் கவனம் தேவை. முடித்த நூலைப் புதிதாக எடுக்கும் நூலின் மேல் ஒரு முறை குறுக்கே போட்டுக்கொண்டு பின்னுங்கள். மறந்தால் இரண்டு பாதியும் தனித்தனியாகப் பிரிந்து நடுவில் நீளமாக ஓட்டை விழும். குறுக்கே போடுவது எப்போதும் பின்பக்கமாக விழும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை அந்தப் பக்கம் உங்களைப் பார்த்து வரும். அப்போது நூலை முன்னுக்குக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு அடி நீளம் வந்ததும் கண்ணிகளை முடித்து, நூல் நுனிகளை அந்தந்த நிறத்துக்குள்ளேயே செருகிவிடுங்கள்.